மைசூர்பாகு இருந்த தட்டு

கண்காட்சி நடத்தச் சொல்லி உத்தரவு மட்டும் வந்தது. எதை வைத்து நடத்துவது என்று உத்தரவில் இல்லை. நூலக வார விழாவுக்கு எல்லாக் கிளைகளும் அரிய நூல்களையும் பழைய காகிதப் பொருட்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுமாம். எங்கள் கள்ளிக்குப்பம் கிளையில் அரிய நூல் என்பது மூலையில் இருக்கும் ஒரு மர பீரோ. அட்டை போன பஞ்சாங்கங்கள், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், வெள்ளைக்காரன் காலத்து ரயில் கால அட்டவணை ஒன்று, யாரோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தன் மகள் கல்யாணத்துக்கு அச்சடித்த வாழ்த்துப்பா. பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. எங்கள் வாசகர்களில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பது அந்தப் பூச்சி ஒன்றுதான்.

இவற்றை வைக்கக் கண்ணாடிப் பெட்டி வேண்டுமே என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது நாகவல்லிதான் வழி சொன்னாள். நூலகத்தைப் பெருக்கித் துடைக்க வருபவள் அவள். நான் சொல்லும் எதையும் முதலில் மறுத்துவிட்டு, பிறகு செய்துவிடுவாள்.

"பஸ் ஸ்டாண்டாண்ட ஸ்வீட் ஸ்டாலு மூட்டாங்கல்ல மேடம், அந்தப் பொட்டி சும்மாத்தான் கீது. கேட்டா குட்த்துருவான்."

கேட்டோம், கொடுத்துவிட்டான். நாலு தட்டுள்ள பெட்டி. தட்டுகளின் விளிம்பில் ஜாங்கிரி, மைசூர்பாகு, லட்டு, மிக்சர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியும் நெய் வாசனை போகவில்லை. வாசனை இருக்கிற இடத்தில் எறும்பு இல்லாமலா? பெட்டியின் கால்களுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். உள்ளே இருந்த டியூப்லைட்டைக் கழற்றச் சொன்னேன்.

"லைட்டு இல்லாம எப்டி மேடம் பாப்பாங்க?" என்றாள் நாகவல்லி.

"வெளிச்சம் பட்டா தாள் கெட்டுப்போகும். பாக்கணும்னு நெனைக்கிறவங்க எப்படியும் பாப்பாங்க."

பழைய தாள்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். போய் வந்ததிலிருந்து எனக்குப் பேய் பிடித்தாற்போல் ஆகிவிட்டது. செலோடேப் ஒட்டாதே, ரப்பர் பேண்ட் போடாதே, வெயிலில் வைக்காதே, எல்லாவற்றுக்கும் மேலே லேமினேஷன் பண்ணாதே. நம் ஆட்களுக்கு ஒரு தாளின் மேல் பாசம் வந்துவிட்டால் போதும், உடனே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கொதிக்கிற உருளைக்குள் விட்டு எடுத்துவிட வேண்டும். மார்க் ஷீட்டோ, சாமி படமோ, செத்துப்போனவர் போட்டோவோ, எதையும் விட மாட்டார்கள். வீட்டில் உள்ள பழைய தாள்களைக் கொண்டு வாருங்கள், தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள் என்று நூலக வாசலில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயாலும் சொன்னேன். பால்காரர்கூடத் தப்பவில்லை.

அப்படியும் சின்னப்பையன் என்கிற வாசகர் லேமினேஷன் போட்டுத்தான் கொண்டு வந்தார். தினமும் காலையில் முதல் ஆளாக வந்து பேப்பர் படிக்கிறவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியை மூடி, இடித்து, இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மூடிய அன்று கேட்டில் ஒட்டிய அறிவிப்பை அவரே கிழித்துக்கொண்டு வந்து வைத்திருந்தாராம். கண்காட்சிக்குத் தருகிறேன் என்று சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பசைத் தடம், கிழிந்த மூலை எல்லாம் அப்படியே இருக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். கொண்டு வந்ததோ மினுமினுவென்று ஒரு பிளாஸ்டிக் பலகை. உள்ளே மடிப்புக் கோடுகளில் எழுத்து உருகி இழுபட்டிருந்தது.

"எம்மா வருசமா மட்ச்சி பொட்டியில வெச்சிருந்தேன் மேடம். ஜனங்க பாக்கப் போவுதே, நீட்டா இருக்கட்டும்னு நேத்துதான் போட்டாந்தேன்."

"கொன்னுட்டீங்களேய்யா! வாசல்ல எழுதிப் போட்டிருக்கேனே, படிக்கலையா? தினமும் பேப்பர் படிக்கிறீங்க, அதைப் படிக்கலையா?"

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "கெட்டுப் போவக்கூடாதுன்னுதானே மேடம் போட்டேன்?"

"இதை வைக்க முடியாது. எடுத்துட்டுப் போங்க."

பழக்க தோஷத்தில் அவர் அதை மடிக்கப் பார்த்தார். அது மடங்காமல் விறைத்து நிமிர்ந்துகொண்டது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர் மறுநாள் பேப்பர் படிக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், விதி விதிதான் என்று இருந்துவிட்டேன். அந்த நேரத்தில் என் புத்தி வேறு ஒரு தாளின் மேல் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டைச் சொல்ல வேண்டும். நானும் என் கணவர் நிர்மலும் கோவில்பதாகையில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஊர் திண்டுக்கல் பக்கம். அவருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறார். நாங்கள் சண்டை போட்டுக்கொள்வதில்லை. தண்ணீர் கேன் வந்ததா, கேஸ் புக் பண்ணியாச்சா, மோட்டார் போட்டாயா என்று பேசிக்கொள்கிறோம். நாலு வருஷமாக அவ்வளவுதான் பேச்சு. எங்கள் குழந்தை போய் நாலு வருஷம்.

ஏழாம் மாதம். வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. வலி வர மருந்து கொடுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள், அதோடு சரி. என்னிடம் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது, பார்க்காமலிருப்பதே நல்லது என்று என் அம்மாவும் மாமியாரும் முடிவு செய்தார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நிர்மலும் பார்க்கவில்லை. துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அவரும் அவர் மாமாவும் வெள்ளானூர் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். முகத்துத் துணியை விலக்காதே என்று மாமா சொன்னாராம், இவர் விலக்கவில்லை. வெள்ளானூர் வரை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார், ஒரு தடவைகூட விலக்கவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

மிஞ்சியது ஐந்தாம் மாதம் எடுத்த ஸ்கேன் படம் ஒன்றுதான். உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுப்பான ஒரு தாள். கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பக்கவாட்டில் ஒரு முகம். நெற்றி, குட்டி மூக்கு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஏதோ யோசிப்பதுபோல் இருக்கும். அந்த ஸ்கேன் அன்று நிர்மலுக்கு ஆபீஸ் கால், வெளியே வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் பார்க்கிறேன் என்றார். அப்புறம் எல்லாம் முடிந்துபோனது. அதன் பிறகு இரண்டு முறை அவரிடம் நீட்டினேன். முதல் முறை எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். இரண்டாம் முறை, "எதுக்கு கனி?" என்றார். மூன்றாம் முறை நான் நீட்டவில்லை. வளைகாப்புக்கென்று எடுத்து, கட்டாமலே போன புடவையின் மடிப்பில் வைத்து பீரோவைப் பூட்டினேன்.

போனில் ஒரு முறை படம் எடுத்து வைத்திருந்தேன். ஒரு நாள் அந்தப் போன் அதுவாகவே, கொடைக்கானல் போட்டோ, பிறந்த நாள் கேக், நடுவில் இந்தப் படம் என்று கோத்து, பின்னணியில் டிங் டிங்கென்று இசை போட்டு, உங்கள் இனிய நினைவுகள் என்று காட்டியது. ஆத்திரத்தில் அந்த நிமிஷமே அழித்தேன். தாள்தான் இருக்கிறதே என்ற தைரியம்.

அந்தத் தைரியத்தைப் பயிற்சி வகுப்பில் உடைத்தார்கள். பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, ஸ்கேன் படம் எல்லாம் ஒரே வகைத் தாளாம். மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும், படம் அப்படித்தான் விழுகிறது. நாள்பட்டால் தானாக வெளுத்துவிடும். அன்று வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தேன். மூக்கின் கோடு பாதி இல்லை. கை மட்டும் தெளிவாக இருந்தது. ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். அவ்வளவு பழையதெல்லாம் மெஷினில் இருக்காது என்றார்கள். ஜெராக்ஸ் எடுக்கலாமென்றால் அந்த வெளிச்சம் பட்டு மிச்சமும் போய்விடுமோ என்று பயம். போனில் மறுபடி எடுத்து, அது கேக்கோடு சேர்த்துக் கோக்க விட மனசு வரவில்லை.

அது முழுவதும் வெளுப்பதற்குள் நிர்மல் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவர் பார்க்காவிட்டால் அந்தக் குழந்தை எனக்கு மட்டும் பிறந்ததாக ஆகிவிடும். நானும் போய்விட்டால் யாருக்குமே பிறக்காததாக ஆகிவிடும்.

கண்காட்சி அதற்கு வாகாக வந்தது. மங்கும் தாள்கள் என்று ஒரு தட்டை ஒதுக்கினேன். மைசூர்பாகு ஸ்டிக்கர் ஒட்டிய தட்டு, சரியாகக் கண் மட்டத்துக்கு வரும். பஸ் டிக்கெட்டுகள், ரேஷன் கடை பில், நடுவில் என் படம். பெயர் போடப்போவதில்லை. வீட்டில் நான் நீட்டினால் எழுந்து போகிற மனுஷன், நாலு பேர் நிற்கிற இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை விட்டு எங்கே ஓடுவார்? இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை என் நூலகத்துக்கு வரணும். கண்காட்சி," என்றேன் ஒரு நாள் சாப்பாட்டின்போது.

"சரி," என்றார். என்ன கண்காட்சி என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை படத்தை வெளியே எடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் வெள்ளை அட்டை, கத்தரி, அடிக்கோல் எல்லாம் பரப்பி, டிக்கெட்டுகளுக்குச் சட்டம் வெட்டி முடித்தேன். படத்துக்கான குறிப்பு அட்டையையும் எழுதினேன். 'ஸ்கேன் படம். வெப்பத்தாள். மங்கிக்கொண்டிருக்கிறது.' அப்போது நாகவல்லியிடமிருந்து போன்.

"மேடம், ஒழுவுது மேடம். நேரா பொட்டி மேலயே சொட்டுது. நான் ஒருத்தியா இன்னா பண்ணுவேன், சீக்கிரம் வந்துடு!"

இரவெல்லாம் பெய்த மழை. உள்ளே பஞ்சாங்கங்கள் எல்லாம் அடுக்கி வைத்தாயிற்று. படத்தை வெளிச்சம் படாமல் கவிழ்த்து வைத்து, மேலே குறிப்பு அட்டையை வைத்துவிட்டு ஓடினேன். நிர்மல் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று பகல் முழுவதும் ஒழுகலோடு போனது. பெட்டியை நகர்த்தி, வாளி வைத்து, நனைந்த கால அட்டவணையின் பக்கங்களுக்கு நடுவே பழைய துணி வைத்து ஒற்றி எடுத்தோம். சாயங்காலம்தான் எல்லாம் மறுபடி தட்டில் ஏறின. மைசூர்பாகுத் தட்டின் நடுவில் மட்டும் இடம் காலி.

"இங்க இன்னா மேடம் வரும்?" என்றாள் நாகவல்லி.

"வரும். நாளைக்குக் காலையில எடுத்துட்டு வரேன்."

சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் வண்டிச் சத்தம். நிர்மல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் நூலகத்துக்கு அவர் வந்ததே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு கடைக் கவரை எடுத்தார். அதை மட்டும் மழை படாமல் கொண்டு வந்திருக்கிறார்.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கவரின் விறைப்பே சொல்லிவிட்டது. கைகள்தான் நம்பாமல் உள்ளே விட்டு எடுத்தன. பிளாஸ்டிக்கில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. உள்ளே, ஓரம் முதல் ஓரம் வரை, கரி போல் கறுப்பு. திருப்பினேன். பின்பக்கம் நான் பேனாவால் எழுதிய என் பெயரும் தேதியும் பத்திரமாக இருந்தன. மறுபடி திருப்பினேன். சாய்த்து வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, எங்காவது ஒரு கோடு தெரிகிறதா என்று தேடினேன்.

நாகவல்லி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னா மேடம் இது? ஒண்ணுமே தெர்ல?"

"டேபிள்ல பாத்தேன்," என்றார் நிர்மல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. "மங்கிக்கிட்டு இருக்குன்னு எழுதியிருந்தே. மங்கக் கூடாதேன்னுதான். லேமினேட் பண்ணி வச்சுட்டா அப்படியே இருக்கும், நீயும் கொஞ்சம்... நல்ல கடையாப் பாத்து அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் போனேன் கனி. உள்ள விடும்போது நல்லாத்தான் போச்சு. வெளிய வரும்போது இப்படி வந்துச்சு. நிறுத்துங்கன்னு கத்தினேன். அதுக்குள்ள முழுசா வந்துருச்சு."

கள்ளிக்குப்பம் பூராவும் சொல்லியிருந்தேன். பால்காரர் வரை சொல்லியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்த மனுஷனுக்கு அது தெரியாது, ஏனென்றால் நாங்கள் பேசியது தண்ணீர் கேனைப் பற்றி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்களுக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை.

சின்னப்பையனிடம் கத்தியதுபோல் கத்தத்தான் நினைத்தேன். கொன்னுட்டீங்களே என்று வாய்வரை வந்தது. வெள்ளானூர் வரை அவர் மடியில் இருந்ததை நினைத்து விழுங்கினேன். கத்தத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நெய் வாசனை இன்னும் அடித்தது.

நாகவல்லி என் முகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அது மட்டும் கிடைத்துவிட்டால் மற்றதைப் பொறுத்துக்கொண்டுவிடலாம் என்று அந்த நேரத்திலும் ஒரு நப்பாசை.

"மெஷின்ல விடறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?"

அவர் ஹெல்மெட் வாரை அவிழ்க்கத் தொடங்கினார்.

"கையில எடுத்துட்டுப் போயிருக்கீங்க. கடையில நின்னிருக்கீங்க. பாத்தீங்களா, இல்லையா?"

"இல்ல கனி." ஹெல்மெட்டை இப்போதுதான் கழற்றினார். முகம் முழுவதும் ஈரம். "கவுத்து வச்சிருந்தே. அப்படியே கவருக்குள்ள போட்டேன். கடைக்காரன் திருப்பினப்போ நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன். எல்லாம் போட்டு முடிச்சப்புறம், இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு ஆனப்புறம், வீட்டுக்கு வந்து உன்கூட உக்காந்து பாக்கலாம்னு இருந்தேன்."

நாலு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை. அந்தக் கடைக்காரன் பார்த்திருக்கிறான். யாரென்றே தெரியாத ஒருவன், உறைக்குள் நேராக வைப்பதற்காக, என் மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருக்கிறான். இவர் ரோட்டைப் பார்த்திருக்கிறார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வாளி எடுத்த இடத்தில் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கறுப்புத் தாளை மைசூர்பாகுத் தட்டில் வைத்தேன். வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் கிட்டே வந்து, கண்ணாடிக்கு வெளியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திட்டம் போட்டதுபோலவே, சரியாகக் கண் மட்டத்தில்.

"எப்படி இருந்தா?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்காததற்காகத்தான் நாலு வருஷம் அவரைக் கோபித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டார். நெற்றி உங்களுடையது என்று சொல்ல நினைத்தேன். மூக்கு யாருடையது என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்குப் பதில், வலது கையை மெதுவாக மடக்கி, விரல்களைக் குவித்து, படத்தில் இருந்ததுபோலவே என் கன்னத்தில் வைத்துக் காட்டினேன்.

நிர்மல் திரும்பிப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது என் கை மட்டும்தான்.